நவுன் எத்தனை வகை என்பதை விடுங்கள்; எண்ண முடியுமா, அதைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: "ஆங்கிலத்தில் நவுன் ஐந்து வகை என்று ஒரு புத்தகம் சொல்கிறது. இன்னொன்று எட்டு என்கிறது. தேடிப் பார்த்தால் பத்து, பன்னிரண்டு என்றும் வருகிறது. எது சரி? எல்லா வகைகளையும் மனப்பாடம் செய்த பிறகும் எழுதும்போது தப்பு வருகிறதே, ஏன்? அப்புறம், 'மை ஹேர்' என்று எழுதினால் அடுத்து 'இஸ்' போடுவதா, 'ஆர்' போடுவதா?"

முடி விவகாரத்தைக் கடைசியில் பார்ப்போம்.

முதல் கேள்விக்குப் பதில்: ஐந்தும் சரி, எட்டும் சரி, பன்னிரண்டும் சரி. ஓர் ஆளைக் காட்டி, "இவர் உயரமானவரா, தச்சரா, ஓ பாசிட்டிவா? ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். நவுன் வகைகளை ஒரே வரிசையில் அடுக்குவதும் அப்படித்தான். 'ஆர்மி' என்ற சொல்லை எடுங்கள். அது ஒரு குறிப்பிட்ட படையின் தனிப்பெயர் இல்லை, அதனால் காமன் நவுன். பலர் சேர்ந்த கூட்டம், அதனால் கலெக்டிவ். கண்ணால் பார்க்கலாம், அதனால் கான்கிரீட். ஒன்று, இரண்டு என்று எண்ணலாம், அதனால் கவுண்டபிள். நான்கும் ஒரே நேரத்தில் உண்மை. ஒவ்வொரு வகையும் சொல்லிடம் கேட்கும் ஒரு கேள்வி. எத்தனை கேள்வி கேட்கிறோமோ அத்தனை வகை வரும். பரீட்சையில் 'ஆர்மி எந்த வகை' என்று கேட்டு ஒரே ஒரு விடைக்கு மதிப்பெண் போடுவதால்தான் ஏதோ ஒன்றுதான் சரி என்ற நினைப்பு நமக்குள் உட்கார்ந்துவிடுகிறது.

பள்ளிப் புத்தகங்களில் வரும் ஐந்து வகை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ப்ராப்பர், காமன், கலெக்டிவ், மெட்டீரியல், அப்ஸ்ட்ராக்ட். இதில் முதல் இரண்டும் மிகப் பழையவை. பண்டைய கிரேக்கத்தின் ஸ்டோயிக் தத்துவவாதிகள் தனிப்பெயரையும் பொதுப்பெயரையும் இரண்டு தனித்தனிச் சொல்வகைகளாகவே வைத்திருந்தார்கள். பின்னால் வந்த இலக்கணக்காரர்கள் இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தார்கள். நவுன் என்ற சொல்லுக்கு மூலமான லத்தீன் 'நோமென்' என்பதற்குப் பொருளே பெயர்தான். நாம் பெயர்ச்சொல் என்று சொல்வதற்கும் அதற்கும் எண்ணத்தில் வித்தியாசம் இல்லை. லத்தீன் மரபில் அட்ஜெக்டிவும் நவுனில் ஒரு வகைதான். அந்தப் பழக்கத்தில் 18-ஆம் நூற்றாண்டு வரை பல ஆங்கில இலக்கண நூல்களும் 'நவுன் அட்ஜெக்டிவ்' என்றே எழுதிக்கொண்டிருந்தன. ஆக, இந்தப் பட்டியல் கல்லில் வெட்டியது இல்லை. அந்தந்தக் காலத்தில் தேவைப்பட்ட கேள்வியை வைத்து அது மாறியிருக்கிறது.

நம் தேவை என்ன? தப்பில்லாமல் எழுத வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு வகையையும் பார்த்து, "இது தெரிந்தால் என் வாக்கியத்தில் ஏதாவது மாறுமா?" என்று கேட்டுப் பார்க்கலாம்.

'ஹானஸ்டி' ஒரு அப்ஸ்ட்ராக்ட் நவுன். 'ஐடியா'வும் அப்ஸ்ட்ராக்ட் நவுன்தான். இரண்டையும் தொட்டுப் பார்க்க முடியாது. ஆனால் 'அன் ஐடியா', 'ஐடியாஸ்' என்று எழுதலாம். 'அன் ஹானஸ்டி', 'ஹானஸ்டீஸ்' என்று எழுத முடியாது. அதாவது, ஒரு சொல் அப்ஸ்ட்ராக்ட் என்று கண்டுபிடித்து முடித்த பிறகும், அதற்கு முன்னால் 'அன்' வருமா, பின்னால் எஸ் வருமா என்பது நமக்குத் தெரியாது. தங்கம், கல் போன்ற பொருள்களைச் சொல்லும் மெட்டீரியல் நவுனும் இப்படித்தான். 'கோல்ட்' எண்ண முடியாதது. 'ஸ்டோன்' பாறையாக, கட்டுமானப் பொருளாக இருக்கும்போது எண்ண முடியாதது. கையில் எடுத்து எறியும் கல்லாக இருக்கும்போது 'அ ஸ்டோன்'. இரண்டையும் பிரிப்பது மெட்டீரியல் என்ற முத்திரை இல்லை. வேறொன்று.

அந்த வேறொன்றுதான் கவுண்டபிள், அன்கவுண்டபிள். பழைய ஐந்து வகைப் பட்டியலில் இதற்கு இடமே இல்லை என்பதுதான் வேடிக்கை. டென்மார்க்கைச் சேர்ந்த மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எண்ணக்கூடிய சொற்களையும், எண்ண முடியாமல் மொத்தையாகக் கிடக்கும் பொருளைச் சொல்லும் சொற்களையும் பிரித்து விரிவாக எழுதினார். மாணவர்களுக்கான ஆங்கில அகராதிகளைத் திறந்தால் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு நவுனுக்கும் பக்கத்தில் சி அல்லது யு என்ற ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும். சி என்றால் கவுண்டபிள், யு என்றால் அன்கவுண்டபிள். பொருளை மட்டும் பார்த்துவிட்டு அகராதியை மூடிவிடுவதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. எழுதுபவருக்கு அந்த ஓர் எழுத்து பெரும்பாலும் பொருளைவிட முக்கியம்.

தமிழிலும் எண்ண முடியாத பெயர்கள் உண்டு. 'தண்ணீர்கள்', 'மணல்கள்' என்று யாரும் சொல்வதில்லை. அதனால் 'வாட்டர்', 'சேண்ட்' போன்ற சொற்களில் நமக்குப் பிரச்சினை வருவதும் இல்லை. தமிழ் எண்ணுகிற, ஆனால் ஆங்கிலம் எண்ண மறுக்கிற சொற்களில்தான் பிரச்சினை. தகவல்கள் என்கிறோம், ஆங்கிலத்தில் 'இன்ஃபர்மேஷன்' மட்டும்தான். அறிவுரைகள் என்கிறோம், 'அட்வைஸ்'. சான்றுகள், ஆராய்ச்சிகள், வீட்டுப்பாடங்கள், நகைகள், இயந்திரங்கள், மேசை நாற்காலிகள், பயண மூட்டைகள் எல்லாம் நமக்குப் பன்மை. ஆங்கிலத்தில் 'எவிடென்ஸ்', 'ரிசர்ச்', 'ஹோம்வொர்க்', 'ஜுவல்லரி', 'மெஷினரி', 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்' என்று ஒவ்வொன்றும் ஒருமை வடிவத்தோடு நின்றுவிடும். 'எக்விப்மென்ட்', 'சாஃப்ட்வேர்', 'ஃபீட்பேக்', 'ப்ராக்ரஸ்', 'சீனரி', 'டிராஃபிக்' இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த வரையில், தமிழ் பேசுபவர்கள் எழுதும் ஆங்கிலத்தில் நவுன் சம்பந்தமான தப்புகளில் பெரும்பங்கு இதுபோன்ற இருபது முப்பது சொற்களில் வந்து விழுகிறது. நூறு விதி படிப்பதைவிட இவற்றைத் தனியாக எழுதிவைத்துக்கொள்வது லாபம்.

இதை உரிமையோடு சொல்கிறேன், ஏனென்றால் நானும் விழுந்தவன். முதல் வேலைக்கு அனுப்பிய விண்ணப்பக் கடிதத்தில் 'தேங்க் யூ ஃபார் யுவர் அட்வைஸஸ்' என்று எழுதியிருந்தேன். நேர்காணலில் எதிரே இருந்தவர் பேச்சு எதுவும் இல்லாமல் கடிதத்தை என் பக்கம் திருப்பி, அந்தச் சொல்லின் வாலில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டார். எனக்கு எதைச் சுற்றியிருக்கிறார் என்றே புரியவில்லை. ஸ்பெல்லிங் தப்பு என்று நினைத்து சி-யா, எஸ்-ஸா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். 'அட்வைஸ்' நவுனாக வரும்போது சி, வெர்பாக வரும்போது எஸ் என்பது சரியாகவே தெரியும். அதற்குப் பன்மையே கிடையாது என்பதுதான் தெரியாது.

ஒரு மாதிரிக் கடிதத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 'ஐ கலெக்டட் மெனி இன்ஃபர்மேஷன்ஸ். மை கைட் கேவ் குட் அட்வைஸஸ். டூ ஸ்டாஃப்ஸ் ஹெல்ப்ட் மீ. ப்ளீஸ் சென்ட் லெட்டர்.' நான்கு சின்ன வாக்கியம், நான்கிலும் நவுன் தப்பு. முதல் வாக்கியத்தில் எஸ் போவதோடு 'மெனி'யும் போக வேண்டும். 'மெனி' எண்ணுவதற்கு, 'மச்' அளப்பதற்கு. ஆனால் சாதாரணக் கூற்று வாக்கியத்தில் 'மச் இன்ஃபர்மேஷன்' கொஞ்சம் விறைப்பாகக் கேட்கும். 'அ லாட் ஆஃப் இன்ஃபர்மேஷன்' என்றால் இயல்பாக இருக்கும். இரண்டாவதில் 'குட் அட்வைஸ்' போதும். ஒரு அறிவுரை, இரண்டு அறிவுரை என்று எண்ணியே தீர வேண்டுமானால் 'டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்'. தமிழில் இரண்டு குடம் தண்ணீர், மூன்று மூட்டை மணல் என்று அளவைச் சொல்லைப் போட்டு எண்ணுகிறோமே, அதே உத்திதான். எஸ் அந்த அளவைச் சொல்லில் விழும், பொருளில் விழாது. மூன்றாவதில், 'ஸ்டாஃப்' என்பது பணியாளர்கள் மொத்தத்தையும் குறிக்கும் கூட்டுச் சொல். "அவர் எங்கள் ஸ்டாஃப்" என்று தமிழில் பேசிப் பழகியதால் ஒரு ஆள் ஒரு ஸ்டாஃப் என்று நினைத்துவிடுகிறோம். 'டூ மெம்பர்ஸ் ஆஃப் ஸ்டாஃப்' என்று எழுத வேண்டும். நான்காவதுதான் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் தப்பு. 'லெட்டர்' எண்ணக்கூடிய சொல், ஒருமையில் நிற்கிறது, முன்னால் எதுவும் இல்லை.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கவுண்டபிள் என்ற அறிவின் பெரிய பயன் இங்கேதான். எண்ணக்கூடிய நவுன் ஒருமையில் வெறுமனே நிற்காது. 'அ', 'த', 'மை', 'திஸ்', 'எவ்ரி' என்று ஏதாவது ஒன்று அதன் கையைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். 'ஐ பாட் புக்' தப்பு. 'ஐ பாட் அ புக்', 'ஐ பாட் த புக்', 'ஐ பாட் புக்ஸ்' மூன்றும் சரி. 'ஐ பாட் ஃபர்னிச்சர்' சரி, ஏனென்றால் அது எண்ண முடியாதது; தனியாக நிற்க அதற்கு உரிமை உண்டு. 'அ', 'அன்', 'த' என்ற ஆர்ட்டிகிள் என்றாலே நடுங்குபவர்கள் முதலில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகினால் பாதி நடுக்கம் போய்விடும். 'பை பஸ்', 'கோ டு பெட்', 'கோ டு ஸ்கூல்' என்று சில விலக்குகள் உண்டு. அங்கெல்லாம் குறிப்பிட்ட பேருந்தோ கட்டிலோ மனதில் இல்லை. பயணம் செய்யும் விதமும் தூங்கப் போகும் செயலும்தான் இருக்கின்றன.

தமிழர்கள் எஸ்ஸை விட்டுவிடுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. நம் இலக்கணத்தில் பால்பகா அஃறிணைப் பெயர் என்று ஒன்று உண்டு. 'மாடு வந்தது' என்றால் ஒரு மாடு. 'மாடு வந்தன' என்றால் பல. மாடு என்ற சொல் மாறவே இல்லை, வினை மட்டும் மாறி எண்ணிக்கையைச் சொல்லிவிட்டது. பேச்சிலும் 'பத்து மரம்', 'மூன்று நாள்' என்றுதான் சொல்கிறோம். பத்து என்று சொன்ன பிறகு எதற்கு இன்னொரு 'கள்'? நியாயமான சிக்கனம். ஆனால் ஆங்கிலம் அந்தச் சிக்கனத்தை ஏற்பதில்லை. 'டென் ட்ரீ' என்று எழுதினால் அங்கே தப்பு. எண் சொன்னாலும் எஸ் வேண்டும். இதில் ஒரு சுவாரஸ்யம்: எண்ணோடு வரும் நவுன் இன்னொரு நவுனுக்கு அடைமொழியாகப் போனால் ஆங்கிலமும் எஸ்ஸை உதறிவிடும். 'டென் இயர்ஸ்', ஆனால் 'அ டென்-இயர் பிளான்'. 'ஃபைவ் மினிட்ஸ்', ஆனால் 'அ ஃபைவ்-மினிட் வாக்'.

சரி, ஒரு சொல் கவுண்டபிளா இல்லையா என்பது நிரந்தரமா? இல்லை. இங்கேதான் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறுவார்கள். 'பேப்பர்' என்றால் காகிதம், எண்ண முடியாது. 'அ பேப்பர்' என்றால் செய்தித்தாள் அல்லது ஆய்வுக் கட்டுரை. 'கிளாஸ்' என்றால் கண்ணாடி. 'அ கிளாஸ்' குடிக்கும் டம்ளர். 'அயர்ன்' இரும்பு, 'அன் அயர்ன்' துணி தேய்க்கும் பெட்டி. 'ரூம்' இடம், 'அ ரூம்' அறை. 'டைம்' காலம், 'த்ரீ டைம்ஸ்' மூன்று தடவை. 'எக்ஸ்பீரியன்ஸ்' வேலையில் சேர்ந்த மொத்த அனுபவம், 'அன் எக்ஸ்பீரியன்ஸ்' ஒரு நாள் நடந்த ஒரு சம்பவம். வேலைக்கான விண்ணப்பத்தில் 'ஐ ஹேவ் டென் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸஸ்' என்று எழுதினால், பத்து வருடமாக ஏதேதோ நடந்திருக்கிறது என்பது போல இருக்கும். 'வொர்க்' உழைப்பு, 'வொர்க்ஸ்' ஓர் எழுத்தாளரின் படைப்புகள். ஆக, சொல்லைப் பார்த்து எண்ணலாமா என்று கேட்பதைவிட, இந்த வாக்கியத்தில் இந்தப் பொருளில் எண்ணலாமா என்று கேட்பது சரி. உருவமும் ஓரமும் இல்லாத மொத்தமாக மனதில் வருகிறதா, வெட்டி எடுத்த துண்டாக வருகிறதா?

அகராதிகூட எப்போதும் இப்படியே இருந்ததில்லை. பட்டாணிக்கு ஆங்கிலத்தில் முன்பு 'பீஸ்' என்ற வடிவம்தான், தானியம் போல மொத்தமாகச் சொல்லும் ஒருமைச் சொல். கடைசியில் எஸ் ஒலி கேட்கிறதே, இது பன்மையாகத்தான் இருக்கும் என்று மக்கள் நினைத்தார்கள். எஸ்ஸை வெட்டி 'பீ' என்று ஒரு புது ஒருமையை உண்டாக்கிக்கொண்டார்கள். ஒரு தப்பான கணக்கில் பிறந்த சொல், இன்று எல்லா அகராதியிலும் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது.

எஸ்ஸில் முடிந்தும் ஒருமையாக இருக்கும் சொற்கள் இன்னும் உண்டு: 'நியூஸ்', 'மேத்தமேட்டிக்ஸ்', 'பிசிக்ஸ்'. மூன்றுக்கும் 'இஸ்'தான். எதிர்ப்பக்கத்தில், 'சிசர்ஸ்', 'ட்ரவுசர்ஸ்', 'ஸ்பெக்டகிள்ஸ்' ஆகியவை நமக்கு ஒரே பொருள். ஆங்கிலத்துக்கு இரண்டு பாகம் சேர்ந்தது, எப்போதும் பன்மை. ஒன்று வேண்டுமென்றால் 'அ பேர் ஆஃப் சிசர்ஸ்'. 'போலீஸ்', 'கேட்டில்', 'பீப்பிள்' மூன்றிலும் எஸ் இல்லை, ஆனால் 'ஆர்' வேண்டும். 'போலீஸ் இஸ் கமிங்' என்று எழுதாதீர்கள்.

அளவைச் சொல்லும் ஜோடிகளும் இந்தப் பிரிவை ஒட்டியே நடக்கின்றன. 'ஃப்யூ', 'ஃப்யூவர்' எண்ணுவதற்கு. 'லிட்டில்', 'லெஸ்' அளப்பதற்கு. பேச்சில் 'லெஸ்' இரண்டுக்கும் வந்துவிடுகிறது, அதைக் கண்டு கோபப்படும் ஆங்கிலேயர்களும் ஏராளம். அந்தச் சண்டையை அவர்களே போட்டுக்கொள்ளட்டும். நீங்கள் கவனிக்க வேண்டியது 'அ' என்ற ஒற்றை எழுத்தை. 'ஐ ஹேவ் அ ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ்' என்றால் எனக்குச் சில நண்பர்கள் உண்டு. 'ஐ ஹேவ் ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ்' என்றால் எனக்கு நண்பர்கள் என்று சொல்லிக்கொள்ள அதிகம் பேர் இல்லை. ஒரு எழுத்தை விட்டால் ஆளே தனியாகிவிடுகிறார்.

ப்ராப்பர் நவுனுக்கு வருவோம். இதுவும் வாக்கியத்தை மாற்றும் வகைதான், இரண்டு இடங்களில்: முதல் எழுத்து பெரியதா என்பதில், 'த' வருமா என்பதில். கிழமை, மாதம், மொழி, நாட்டினம் எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்து. ஆனால் 'சம்மர்', 'விண்டர்' போன்ற பருவங்களுக்குச் சின்ன எழுத்து. 'மை மதர்' என்றால் சின்ன எம்; அம்மாவைப் பெயர் சொல்வது போல 'மதர்' என்று நேராக அழைத்தால் பெரிய எம். தர்க்கம் தேடிக் களைத்துப் போகாதீர்கள், இது எழுத்து வழக்கம். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயர்களே பொதுப்பெயர்களுக்கும் தாராளமாகப் பெரிய எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனத்தின் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தால் தெரியும். ஜெர்மன் மொழியில் இன்றும் எல்லா நவுனுக்கும் பெரிய எழுத்துதான்.

'த' விஷயத்தில் பூகோளம் கொஞ்சம் படுத்தும். நதி, கடல், மலைத்தொடர், தீவுக்கூட்டம் இவற்றுக்கு 'த' உண்டு: 'த தேம்ஸ்', 'த பசிபிக்', 'த ஹிமாலயாஸ்'. தனி மலைக்கும் ஏரிக்கும் கிடையாது: 'எவரெஸ்ட்', 'லேக் விக்டோரியா'. பெரும்பாலான நாடுகளுக்குக் கிடையாது, ஆனால் பெயரே பன்மையாகவோ 'ஸ்டேட்ஸ்', 'கிங்டம்' போன்ற பொதுச்சொல்லோடோ இருந்தால் வந்துவிடும்: 'த நெதர்லாண்ட்ஸ்', 'த யுனைடெட் கிங்டம்'.

தனிப்பெயர் காலப்போக்கில் பொதுப்பெயராக இறங்கிவிடுவதும் உண்டு. 1880-இல் அயர்லாந்தில் சார்லஸ் பாய்காட் என்ற நிலமேலாளரை ஊரே ஒதுக்கிவைத்தது. அவர் பெயரே ஒதுக்கிவைப்பதற்குச் சொல்லாகிவிட்டது, இப்போது சின்ன எழுத்தில் எழுதுகிறோம். 'எஸ்கலேட்டர்' முதலில் ஒரு நிறுவனத்தின் வணிகப்பெயர். 1950-இல் அமெரிக்காவில் அது எல்லோருக்கும் பொதுவான சொல் என்று தீர்ப்பாகிவிட்டது. அறிவியல் மாணவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: நியூட்டன், வாட், ஆம்பியர் என்ற மனிதர்களுக்குப் பெரிய எழுத்து. அவர்கள் பெயரில் உள்ள அலகை முழுச் சொல்லாக எழுதினால் சின்ன எழுத்து, குறியீட்டுக்கு மறுபடியும் பெரிய எழுத்து.

கலெக்டிவ் நவுன் என்றாலே சிங்கக் கூட்டத்துக்கு 'ப்ரைட்', காக்கைக் கூட்டத்துக்கு 'மர்டர்' என்று பெரிய பட்டியல் வரும். 1486-இல் இங்கிலாந்தில் அச்சான, வேட்டை பற்றிய நூல் ஒன்றில் இப்படி நிறையச் சொற்கள் இருந்தன. அதில் பாதி அன்றைக்கே விளையாட்டுக்காக உண்டாக்கியவை போலத்தான் தெரிகின்றன. வினாடி-வினாவுக்கு உதவும், கடிதத்துக்கு உதவாது. உங்களுக்கு வேண்டியது வேறு: 'டீம்', 'ஃபேமிலி', 'கமிட்டி', 'கவர்மென்ட்' போன்றவற்றுக்கு 'இஸ்' போடுவதா, 'ஆர்' போடுவதா? அமெரிக்க ஆங்கிலம் பெரும்பாலும் 'இஸ்' என்று முடித்துவிடும். பிரிட்டிஷ் ஆங்கிலம் ஆட்களை நினைத்தால் 'ஆர்', அமைப்பை நினைத்தால் 'இஸ்' என்று இரண்டையும் அனுமதிக்கும். குழு தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்கிறது என்றால் 'த டீம் ஆர் ஆர்கியூயிங்'. குழு சிறியது என்றால் 'த டீம் இஸ் ஸ்மால்'. ஒரே பத்தியில் மாற்றி மாற்றிப் போடாமல் இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அப்ஸ்ட்ராக்ட் என்ற முத்திரை எழுதுவதற்கு உதவாது என்றேன். ஆனால் அந்தச் சொற்கள் எப்படி உண்டாகின்றன என்பது உதவும். தமிழில் பண்புப்பெயர் 'மை'யில் முடிவது போல (பெருமை, இனிமை), ஆங்கிலத்தில் 'நெஸ்', 'இட்டி', 'ஹுட்', 'டம்', 'ஷிப்' என்று வால்கள் இருக்கின்றன: 'கைண்ட்னெஸ்', 'சைல்ட்ஹுட்', 'ஃப்ரீடம்'. நம் தொழிற்பெயருக்கு இணையாக இரண்டு வழி. நீந்துதல் என்பதற்கு 'ஸ்விம்மிங்', இது ஜெரண்ட். முடிவெடுத்தல் என்பதற்கு 'டிசிஷன்' போல 'ஷன்', 'மென்ட்' வால்கள். நம் 'தல்', 'அல்' எல்லா வினையோடும் ஒட்டிக்கொள்வது போல 'இங்' கிட்டத்தட்ட எல்லா வெர்போடும் ஒட்டும். மற்ற வால்களுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ஒவ்வொன்றையும் பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு எச்சரிக்கை: அலுவலக ஆங்கிலம் எழுதுபவர்கள் இந்த 'ஷன்' வாலுக்கு அடிமையாகிவிடுகிறார்கள். 'வீ டிசைடட்' என்று இரண்டு சொல்லில் முடிவதை 'த டிசிஷன் வாஸ் டேக்கன் பை அஸ்' என்று இழுப்பார்கள். வெர்பு கையில் இருக்கும்போது அதை எதற்கு நவுனாக்க வேண்டும்?

சொற்கள் சேர்ந்து ஒரே பெயராகும் காம்பவுண்ட் நவுன் பற்றிச் சொல்ல இரண்டே விஷயம். பன்மையின் எஸ் முக்கியமான சொல்லில் விழும்: 'மதர்ஸ்-இன்-லா', 'பாஸர்ஸ்-பை'. பேசும்போது பெரும்பாலும் அழுத்தம் முதல் பாகத்தில் விழும்: 'கிரீன்' என்பதை அழுத்தி 'கிரீன்ஹவுஸ்' என்றால் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம், 'ஹவுஸ்' என்பதை அழுத்தினால் பச்சை வீடு. ஆண்பால், பெண்பால் பட்டியல்களை நான் தொடப் போவதில்லை. பழைய ஆங்கிலத்தில் எல்லாப் பெயருக்கும் மூன்று பால்கள் இருந்தன, இன்று 'ஹி', 'ஷி', 'இட்' தவிர வேறெங்கும் அது வாக்கியத்தை மாற்றுவதில்லை. ஒழுங்கற்ற பன்மைகளும் அப்படித்தான், பழைய மொழியின் மிச்சங்கள். 'சில்ட்ரன்' என்பதில் மட்டும் ஒரு வேடிக்கை: முதலில் ஒரு பழைய பன்மை விகுதி, அது போதாது என்று அதன் மேலேயே இன்னொன்று. நம்மில் சிலர் அதோடும் விடாமல் 'சில்ட்ரன்ஸ்' என்று மூன்றாவதையும் ஒட்டுகிறார்கள்.

இனி முடிக்கு வருவோம். தலையில் இருக்கும் மொத்த முடியையும் ஆங்கிலம் ஒரே பொருளாகப் பார்க்கிறது, எண்ணாது. அதனால் 'மை ஹேர் இஸ் லாங்'. தமிழில் ஒரு முடி, இரண்டு முடி என்று சுலபமாக எண்ணுவதால் நமக்கு 'ஆர்' என்று கை போகிறது. ஆனால் தனியாக உதிர்ந்து சட்டையில் ஒட்டியிருக்கும் இழையை எண்ணலாம்: 'தேர் இஸ் அ ஹேர் ஆன் யுவர் ஷர்ட்'. தலையில் இருக்கும் வரை யு, சட்டையில் விழுந்ததும் சி. நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடி முன்னால் நின்று, 'ஐ ஹேவ் த்ரீ கிரே ஹேர்ஸ்' என்று எண்ணுவதும் இலக்கணப்படி சரிதான். எண்ண முடியாத அளவுக்கு நரைத்த பிறகு, என்னைப் போல, 'ஐ ஹேவ் கிரே ஹேர்' என்று எழுதிவிடலாம்.